பதினேழு வயதுப் பிள்ளை கார் ஓட்டும்போது போன் பேசலாமா? அமெரிக்கச் சட்டம் சொல்வது

கலிஃபோர்னியாவில் பதினேழு வயதுப் பெண் ஒருத்தி கார் ஓட்டிக்கொண்டு போகிறாள் என்று வைத்துக்கொள்ளுங்கள். பக்கத்து இருக்கையில் அவளுடைய அம்மா. ஊரிலிருந்து பாட்டியின் அழைப்பு வருகிறது. பெண் போனைத் தொடவில்லை. காரின் ஸ்பீக்கர் வழியாகவே பாட்டியோடு பேசுகிறாள். இது சட்டப்படி குற்றம். அதே காரை அம்மா ஓட்டியிருந்து, அதே அழைப்பை அதே ஸ்பீக்கரில் பேசியிருந்தால் குற்றமில்லை.

இந்த வேறுபாடு பல பெற்றோருக்குத் தெரியாது. குறிப்பாக, இந்தியாவிலோ இலங்கையிலோ வளர்ந்து, அமெரிக்காவுக்கு வந்த பிறகு உரிமம் எடுத்த நம்மவர்களுக்கு இது தெரியாமல் போக நியாயமான காரணம் இருக்கிறது. கலிஃபோர்னியாவில் 18 வயதுக்கு மேல் உரிமம் எடுப்பவர் எழுத்துத் தேர்வும் ஓட்டிக்காட்டும் தேர்வும் முடித்துவிட்டால் முழு உரிமம் பெற்றுவிடுகிறார். பதின்ம வயதினருக்கு மட்டும் சட்டம் வேறொரு நீண்ட பாதையைப் போட்டு வைத்திருக்கிறது. பெற்றோர் நடந்து வராத அந்தப் பாதையில்தான் பிள்ளைகள் போகிறார்கள்.

முதலில் அடிப்படை. அமெரிக்காவில் சாலை விதிகளை வகுப்பது மாநிலங்களின் வேலை. சாதாரண ஓட்டுநர் போன் பேசலாமா கூடாதா என்று நாடு முழுமைக்கும் ஒரே சட்டம் கிடையாது. மத்திய அரசு தன் அதிகாரத்துக்குள் வருபவர்களை மட்டும் கட்டுப்படுத்தியிருக்கிறது. அரசு ஊழியர்கள் பணியின்போது வண்டி ஓட்டிக்கொண்டே குறுஞ்செய்தி அனுப்பக்கூடாது என்று 2009இல் அதிபர் ஒபாமா ஆணையிட்டார். லாரி, பஸ் போன்ற வணிக வண்டிகளின் ஓட்டுநர்கள் போனைக் கையில் பிடித்துப் பேசுவதற்கு 2012 முதல் தடை இருக்கிறது. மற்றதெல்லாம் மாநிலங்களின் விருப்பம். கையில் போனைப் பிடித்துப் பேசுவதை 2001இல் முதலில் தடை செய்த மாநிலம் நியூயார்க். குறுஞ்செய்திக்கு 2007இல் முதலில் தடை போட்டது வாஷிங்டன் மாநிலம். இன்றைக்கு மொன்டானாவைத் தவிர எல்லா மாநிலங்களிலும் குறுஞ்செய்தித் தடை இருக்கிறது. கையில் பிடிப்பதற்கான தடை முப்பதுக்கும் மேற்பட்ட மாநிலங்களில் இருக்கிறது.

இவற்றுக்கும் மேலாக மூன்றாவதாக ஒன்று உண்டு. புதிதாக ஓட்டுபவர், அல்லது 18 வயது ஆகாதவர், எந்த வகையிலும் போன் பேசக்கூடாது என்கிற தடை அது. கையில் பிடித்தாலும் குற்றம், புளூடூத்தில் பேசினாலும் குற்றம். நாட்டின் மூன்றில் இரண்டு பங்கு மாநிலங்களுக்கு மேல் இத்தகைய தடையை ஏதோ ஒரு வடிவில் வைத்திருக்கின்றன. இந்தக் கட்டுரை முக்கியமாக அதைப் பற்றியது.

இந்தத் தடை தனியாக நிற்பதில்லை. படிநிலை உரிமம் என்கிற ஏற்பாட்டின் ஓர் உறுப்பு அது. முழுமையான வடிவில் அதை முதலில் கொண்டுவந்த மாநிலம் ஃபுளோரிடா; ஆண்டு 1996. பதினாறு வயதில் சாவியைக் கொடுத்து நெடுஞ்சாலைக்கு அனுப்பாமல், அபாயம் குறைந்த சூழலில் ஓட விட்டு, ஒவ்வொரு கட்டமாகக் கதவைத் திறப்பதுதான் இதன் எண்ணம். கலிஃபோர்னியாவில் பதினைந்தரை வயதில் பழகுநர் அனுமதி கிடைக்கும், தமிழ்நாட்டில் எல்.எல்.ஆர். என்கிறோமே, அதைப் போன்றது. அதை ஆறு மாதமாவது வைத்திருக்க வேண்டும். பெரியவர் ஒருவரைப் பக்கத்தில் உட்கார வைத்து 50 மணி நேரம் ஓட்டிப் பழக வேண்டும். அதில் 10 மணி நேரம் இரவில். பதினாறு வயதில் தேர்வு முடித்தால் நிபந்தனைகளோடு ஓர் உரிமம் தருவார்கள். முதல் 12 மாதம் இரவு 11 மணிக்கு மேல் விடியற்காலை 5 மணி வரை தனியாக ஓட்டக்கூடாது. பெரியவர் துணையில்லாமல் 20 வயதுக்குக் குறைந்தவர்களை ஏற்றிக்கொண்டு போகவும் கூடாது. இவ்வளவு கெடுபிடி எதற்கு என்று கேட்பவர்கள் ஒரு கணக்கைப் பார்க்க வேண்டும். ஓட்டிய தூரத்தோடு ஒப்பிட்டால், 16 முதல் 19 வயது வரை உள்ளவர்கள் உயிர்ச்சேத விபத்தில் சிக்கும் விகிதம் 20 வயதைத் தாண்டியவர்களைப் போல ஏறக்குறைய மூன்று மடங்கு.

போன் தடை இந்த ஏற்பாட்டுக்குள் நுழைந்ததற்குப் பின்னால் ஒரு விபத்தும் இருக்கிறது. 2002 பிப்ரவரி 1 இரவு, மேரிலாந்து மாநிலத்தின் லார்கோ அருகே, வாஷிங்டன் நகரைச் சுற்றிச் செல்லும் விரைவுச் சாலையில் நடந்தது. பலத்த காற்று. இருபது வயதுப் பெண் ஒருவர், தனக்குப் பழக்கமில்லாத பெரிய வண்டியை வேகமாக ஓட்டிக்கொண்டே கையில் போனைப் பிடித்துப் பேசிக்கொண்டிருந்தார். வண்டி கட்டுப்பாட்டை இழந்து, நடுவிலிருந்த தடுப்பைத் தாண்டி எதிர்ப்பக்கம் விழுந்து ஒரு மினிவேனின் மேல் மோதியது. ஐந்து பேர் இறந்தார்கள். தேசியப் போக்குவரத்துப் பாதுகாப்பு வாரியம் விசாரித்தது. அனுபவமின்மை, பழகாத வண்டி, வேகம், காற்று, போன் என்று எல்லாம் ஒன்றுசேர்ந்த விபத்து இது என்ற முடிவுக்கு வந்தது. பழகுநர்களும் இடைநிலை உரிமம் பெற்றவர்களும் ஓட்டும்போது போன் பயன்படுத்துவதைத் தடை செய்யுங்கள் என்று 2003இல் மாநிலங்களுக்குப் பரிந்துரைத்தது. அடுத்த சில ஆண்டுகளில் மாநிலம் மாநிலமாகச் சட்டங்கள் வந்தன.

கலிஃபோர்னியாவில் 2008 ஜூலை 1 அன்று இரண்டு சட்டங்கள் ஒரே நாளில் நடைமுறைக்கு வந்தன. கையில் போன் பிடித்துப் பேசக்கூடாது என்பது எல்லோருக்குமான சட்டம். 18 வயது நிறையாதவர் போனையே பயன்படுத்தக்கூடாது, கை தொடாமல் பேசும் வசதி இருந்தாலும் கூடாது என்பது இன்னொன்று. குறுஞ்செய்தித் தடை 2009 ஜனவரியில் சேர்ந்தது. 2017இலிருந்து பெரியவர்களுக்கான விதியும் இறுகியது. போன் ஒரு தாங்கியில் பொருத்தப்பட்டிருக்க வேண்டும்; விரலால் ஒரே ஒரு தட்டு, அல்லது ஒரே ஒரு தள்ளு, அவ்வளவுதான் அனுமதி. தாங்கியைக்கூட நினைத்த இடத்தில் ஒட்ட முடியாது. முன்கண்ணாடியில் என்றால், ஓட்டுநர் பக்கக் கீழ் மூலையில் ஐந்து அங்குலச் சதுரத்துக்குள், அல்லது பயணி பக்கக் கீழ் மூலையில் ஏழு அங்குலச் சதுரத்துக்குள் வைக்க வேண்டும். பெரியவர்களுக்குக் கிடைக்கும் அந்த ஒரு தட்டுச் சலுகையைப் பதினேழு வயதுக்காரர் தனக்கும் உண்டு என்று நினைத்துவிடக் கூடாது.

அடிக்கடி கேட்கப்படும் இரண்டு சந்தேகங்களை நீதிமன்றங்களே தீர்த்துவிட்டன. சிவப்பு விளக்கில் நிற்கும்போது பார்க்கலாமா? கூடாது, சிக்னலில் நின்றாலும் ஓட்டிக்கொண்டிருப்பதாகத்தான் பொருள் என்று 2011இல் கலிஃபோர்னிய மேல்முறையீட்டு நீதிமன்றம் தீர்ப்பளித்தது. பேசவில்லை, செய்தியும் அனுப்பவில்லை, கையில் பிடித்து வரைபடம் மட்டும் பார்த்தேன் என்றால்? அதுவும் மீறல்தான் என்று 2025 ஜூனில் இன்னொரு தீர்ப்பு வந்தது. ஆகவே வழிகாட்டி தேவைப்பட்டால் வண்டியைக் கிளப்புவதற்கு முன்பே போட்டுவிட வேண்டும். வழியில் மாற்ற வேண்டுமென்றால் ஓரிடத்தில் ஒழுங்காக வண்டியை நிறுத்திவிட்டு மாற்ற வேண்டும். நெருக்கடி நேரத்தில் போலீஸ், தீயணைப்புத் துறை, மருத்துவ உதவி ஆகியவற்றை அழைப்பதற்கு மட்டும் விலக்கு உண்டு.

தண்டனையைப் பார்த்தால், சட்டத்தில் எழுதியிருக்கும் அடிப்படை அபராதம் முதல் முறைக்கு 20 டாலர், அடுத்தடுத்த முறைகளுக்கு 50 டாலர். படிக்கும்போது சிறு தொகையாகத் தெரியும். அதன் மேல் மாநிலமும் மாவட்டமும் நீதிமன்றமும் விதிக்கும் கட்டணங்கள் ஏறிக் கட்ட வேண்டிய தொகை நூறு டாலரைத் தாண்டிவிடும். 2021 ஜூலையிலிருந்து, 36 மாதத்துக்குள் இரண்டாவது முறை மாட்டினால் ஓட்டுநர் பதிவேட்டில், மீறல்களைக் கணக்கிடும் புள்ளி ஒன்றும் ஏறும். பதின்ம வயதினருக்குப் புள்ளிகள் ஆபத்தானவை. 12 மாதத்தில் இரண்டு புள்ளி சேர்ந்தால், 25 வயதுக்கு மேற்பட்ட உரிமதாரர் ஒருவர் பக்கத்தில் இல்லாமல் ஒரு மாதம் ஓட்ட முடியாது. மூன்று சேர்ந்தால் ஆறு மாதம் உரிமமே நிறுத்தப்படும்.

இந்தச் சட்டத்துக்குள்ளேயே ஓர் இடைவெளி இருக்கிறது. பதினேழு வயதுக்காரர் கையில் போனைப் பிடித்திருப்பதைப் போலீஸ்காரர் பார்த்தால் அதற்காகவே வண்டியை நிறுத்தலாம். ஆனால் ஸ்பீக்கரில் பேசுகிறார் என்ற சந்தேகத்துக்காக மட்டும் நிறுத்தக்கூடாது என்று சட்டமே சொல்கிறது. வேறு ஏதாவது காரணத்துக்காக நிறுத்திய பிறகுதான் இந்தக் குற்றத்துக்கும் டிக்கெட் எழுத முடியும். ஒருவருடைய வயதைக் கண்ணாடிக்கு வெளியே இருந்து கணிக்க முடியாது. உதடு அசைவதை வைத்து அவர் போன் பேசுகிறாரா, பாட்டோடு சேர்ந்து பாடுகிறாரா என்றும் சொல்ல முடியாது. அந்த வகையில் இந்த வரம்பு நியாயமானது. ஆனால் அதன் விளைவு, சட்டத்தின் பாதி காகிதத்தில் தங்கிவிடுகிறது.

வேறு மாநிலங்கள் வேறு வழிகளில் இதை இறுக்கியிருக்கின்றன. மாசசூசெட்ஸில் 2010 செப்டம்பர் முதல், 18 வயதுக்குக் குறைந்த ஓட்டுநர் போன் பயன்படுத்தினால் முதல் முறையே 100 டாலர் அபராதத்தோடு 60 நாள் உரிமம் பறிபோகும். நடத்தை திருத்தும் வகுப்புக்கும் போக வேண்டும். இரண்டாம் முறை 250 டாலர், 180 நாள். மூன்றாம் முறை 500 டாலர், ஓராண்டு. பதின்ம வயதுப் பிள்ளைக்கு அப்பா கட்டும் அபராதத்தைவிட, இரண்டு மாதம் பள்ளிக்குப் பஸ்ஸில் போவது அதிகம் உறைக்கும் என்பதை அந்த மாநிலம் புரிந்துகொண்டிருக்கிறது என்றே எனக்குத் தோன்றுகிறது. நியூ ஜெர்சியில் படிநிலை உரிமத்தில் இருப்பவர்களுக்கு, கை தொடாமல் பேசுவது உட்பட எல்லாப் போன் பயன்பாடும் தடை. அதோடு 2010 மே முதல், 21 வயதுக்குக் குறைந்த இத்தகைய ஓட்டுநர்கள் வண்டியின் முன்னும் பின்னும் உள்ள நம்பர் பிளேட்டுகளில் சிவப்பு நிறத்தில் ஒளிரும் சிறு பட்டை ஒட்டியாக வேண்டும். ஓட்டுபவர் யார் என்று போலீஸுக்குத் தெரிய அது உதவுகிறது. இந்தப் பட்டை இளைஞர்களைத் தவறானவர்களுக்கும் அடையாளம் காட்டிவிடும் என்று பெற்றோர் சிலர் வழக்குப் போட்டார்கள். 2012இல் மாநில உச்ச நீதிமன்றம் சட்டம் செல்லும் என்றது.

சட்டம் போட்டதால் பிள்ளைகள் போனைக் கீழே வைத்தார்களா? வட கரோலினாவில் இதை நேரடியாகவே சோதித்தார்கள். அங்கே 2006 டிசம்பர் 1 முதல் 18 வயதுக்குக் குறைந்தவர்களுக்குத் தடை. அபராதம் 25 டாலர். தடைக்கு முன்பும் பின்பும், மாலையில் உயர்நிலைப் பள்ளிகள் விடும் நேரத்தில் ஆய்வாளர்கள் வாசலில் நின்று, வெளியே வரும் கார்களில் யார் போனில் இருக்கிறார்கள் என்று பார்த்துக் குறித்துக்கொண்டார்கள். முன்பு 11 சதவீதம். தடை வந்து சில மாதங்களுக்குப் பிறகு 11.8 சதவீதம். ஒன்றுமே மாறவில்லை. பெரும்பாலான பெற்றோர் தடையை ஆதரித்தார்கள்; ஆனால் போலீஸ் இதைப் பிடிக்கிறது என்று நம்பியவர்கள் பெற்றோரிலும் குறைவு, பிள்ளைகளிலும் குறைவு.

இதை வைத்துச் சட்டமே வீண் என்று சொல்பவர்களோடு நான் உடன்படவில்லை. தடைக்குக் காரணமான அபாயம் கற்பனையானது அல்ல. விர்ஜீனியாவில் புதிதாக உரிமம் பெற்ற 42 இளைஞர்களின் கார்களில் கேமராவும் கருவிகளும் பொருத்தி ஒன்றரை ஆண்டு கவனித்தார்கள். முடிவுகள் 2014இல் மருத்துவ இதழ் ஒன்றில் வெளியாயின. போனில் எண்ணை அழுத்தும்போது விபத்தோ, மயிரிழையில் தப்பும் நிலையோ ஏற்படும் வாய்ப்பு எட்டு மடங்குக்கு மேல் கூடியது. போனை எடுக்கக் கையை நீட்டும்போது ஏழு மடங்கு. குறுஞ்செய்தியின்போது ஏறத்தாழ நான்கு மடங்கு. அனுபவமுள்ள ஓட்டுநர்களுக்கு எண்ணை அழுத்தும்போது கூடிய அபாயம் இரண்டரை மடங்குதான். செயல் ஒன்றே, கை புதிது என்பதால் விலை மூன்று மடங்குக்கு மேல். மணிக்கு 55 மைல் வேகத்தில் ஐந்து விநாடி கண்ணை எடுத்தால் கார் 120 மீட்டரைக் கடந்துவிடுகிறது. அந்தத் தூரத்தில் நடக்கப்போவதை முன்கூட்டியே ஊகிக்கும் பழக்கம் புதியவருக்கு இன்னும் வரவில்லை.

அந்த ஆய்வில் என்னை அதிகம் கவலைப்பட வைத்தது இன்னொரு செய்தி. உரிமம் கிடைத்த முதல் மாதங்களில் இளைஞர்கள் கவனமாகத்தான் இருந்தார்கள். மாதங்கள் போகப் போக, ஓட்டிக்கொண்டே வேறு வேலை பார்ப்பது கூடிக்கொண்டே போனது. பிள்ளை நன்றாக ஓட்டப் பழகிவிட்டான் என்று பெற்றோர் நிம்மதியாகக் கண்ணை எடுக்கும் நேரமும் அதுதான்.

கை தொடாமல் பேசுவதைப் பற்றியும் நேர்மையாகச் சொல்லிவிட வேண்டும். மேலே சொன்ன ஆய்வில், போனில் பேசுவதால் மட்டும் விபத்து கூடியதாகத் தெளிவாகத் தெரியவில்லை. கண்ணும் கையும் விலகும் நேரங்களில்தான் அபாயம் உச்சத்துக்குப் போனது. மறுபக்கம், யூட்டா பல்கலைக்கழகத்தில் டேவிட் ஸ்ட்ரேயரும் அவருடைய குழுவினரும் ஓட்டும் பாவனைக் கருவிகளில் நடத்திய சோதனைகள், உரையாடலில் மூழ்கியவர் கண்முன் இருப்பதைப் பார்த்தும் மனத்தில் பதிய விடுவதில்லை என்று காட்டின. கையில் பிடித்தாலும் பிடிக்காவிட்டாலும் ஒரே நிலைதான். பெரியவர்களுக்கு ஸ்பீக்கரை அனுமதித்துப் பதின்ம வயதினருக்கு மறுப்பது பாரபட்சம் என்று பிள்ளைகள் வாதிடுவார்கள். பெரியவர்களுக்கு அளித்த சலுகையில் அறிவியலைவிட அரசியல் அதிகம் என்பதே என் கருத்து. பாதுகாப்பு வாரியம் 2011 டிசம்பரில், கை தொடாத வசதி உட்பட எல்லாவற்றையும் எல்லா ஓட்டுநர்களுக்கும் தடை செய்யுங்கள் என்று பரிந்துரைத்தது. எந்த மாநிலமும் அதை ஏற்கவில்லை.

ஆகவே இந்தச் சட்டம் நடைமுறையில் உயிர்பெற வேண்டிய இடம் வீடு. அமெரிக்க உளவியல் சங்க மாநாட்டில் 2014இல் ஓர் ஆய்வு வைக்கப்பட்டது. 15 முதல் 18 வயது வரையுள்ள நானூற்றுக்கும் மேற்பட்டவர்களைக் கேட்டதில், ஓட்டிக்கொண்டே போன் பேசியதாகச் சொன்னவர்களில் 53 சதவீதம் பேர் பேசியது அம்மாவிடமோ அப்பாவிடமோதான். "எங்கே இருக்கிறாய்? ஏன் எடுக்கவில்லை?" என்று பதற்றத்தோடு மறுபடியும் மறுபடியும் அழைப்பது பெற்றோர். எடுக்காவிட்டால் வீட்டில் திட்டு, எடுத்தால் சாலையில் குற்றம் என்ற நெருக்கடியில் பிள்ளையை வைக்கிறோம். நம் வீடுகளில் இது இன்னும் கொஞ்சம் அதிகமாகவே நடக்கிறது.

இதில் சட்டமும் பெற்றோரைத் தொடுகிறது. 2013இல் நியூ ஜெர்சி மேல்முறையீட்டு நீதிமன்றம் ஒரு வழக்கை விசாரித்தது. 18 வயதுக்காரர் ஓட்டிய வண்டி, செய்திகள் பரிமாறிக்கொண்டிருந்த நேரத்தில் மோதியதில், மோட்டார் சைக்கிளில் வந்த தம்பதி இருவரும் ஆளுக்கொரு காலை இழந்தார்கள். செய்தி அனுப்பிய தோழியையும் அவர்கள் வழக்கில் சேர்த்தார்கள். பெறுபவர் வண்டி ஓட்டிக்கொண்டிருக்கிறார், செய்தியை அப்போதே பார்ப்பார் என்று தெரிந்தோ, தெரிந்திருக்கத் தக்க காரணம் இருந்தோ அனுப்புபவருக்கும் பொறுப்பு வரலாம் என்று நீதிமன்றம் சொன்னது. அந்தத் தோழிக்கு அப்படித் தெரிந்திருந்ததற்குச் சான்றில்லை என்பதால் அவர் விடுவிக்கப்பட்டார். மகன் கிளம்பிய நேரத்தைத் தெரிந்துகொண்டே செய்தி அனுப்பும் பெற்றோர் இந்தத் தீர்ப்பை ஒரு முறை யோசித்துப் பார்க்க வேண்டும்.

கலிஃபோர்னியாவில் பிள்ளையின் உரிம விண்ணப்பத்தில் பெற்றோர் போடும் கையெழுத்துக்கும் எடை உண்டு. அந்தப் பிள்ளை ஓட்டி விளைவிக்கும் சேதத்துக்கு, சட்டம் வகுத்த வரம்புகளுக்குள், கையெழுத்திட்டவரும் பொறுப்பு. அதற்கு ஈடாக ஓர் அதிகாரமும் கொடுத்திருக்கிறார்கள். பிள்ளை 18 வயதை எட்டும்வரை, உரிமத்தை ரத்து செய்யச் சொல்லி டி.எம்.வி. எனப்படும் மோட்டார் வாகனத் துறைக்குப் பெற்றோர் எழுத்தில் கேட்கலாம்.

போலீஸ் போனைப் பிடுங்கிப் பார்க்கலாமா என்பதையும் பிள்ளைக்குச் சொல்லிவையுங்கள். 2014இல் அமெரிக்க உச்ச நீதிமன்றம், சாலையில் நிறுத்தப்பட்ட ஒருவரின் கைது தொடர்பான கலிஃபோர்னிய வழக்கில், கைதானவரின் போனுக்குள் தேடவும் பொதுவாக நீதிபதியின் ஆணை வேண்டும் என்று ஒருமனதாகத் தீர்ப்பளித்தது. ஆகவே கேட்டவுடன் போனைத் திறந்து காட்ட வேண்டியதில்லை, மரியாதையாக மறுக்கலாம். உரிமம், வண்டிப் பதிவுச் சான்று, காப்பீட்டுச் சான்று ஆகியவற்றை மட்டும் மறுக்காமல் காட்ட வேண்டும்.

வீட்டில் செய்யக்கூடியது எளிது. ஓட்டும்போது அழைப்புகளையும் செய்திகளையும் ஒலிக்காமல் நிறுத்திவைக்கும் முறை போனிலேயே இருக்கிறது. அதை, வண்டி கிளம்பினால் தானாகவே இயங்கும்படி அமைத்து வையுங்கள். ஐபோனில் இது 2017 முதல் இருக்கிறது. ஓட்டிக்கொண்டிருக்கிறார் என்ற பதிலை அதுவே அனுப்பிவிடும். கிளம்பும்போது ஒரு செய்தி, சேர்ந்ததும் ஒரு செய்தி, இடையில் யாரும் அழைப்பதில்லை என்று பேசி வைத்துக்கொள்ளுங்கள். தாத்தா பாட்டிக்கும் இதைச் சொல்லிவிடுங்கள்.

இன்னும் ஒன்று. கலிஃபோர்னியாவில் பதினெட்டாம் பிறந்தநாளன்று இந்தத் தடை விலகிவிடும். 16 வயதில் உரிமம் எடுத்தவருக்கு அதற்குள் இரண்டு ஆண்டு அனுபவம் சேர்ந்திருக்கும். பதினேழரையில் எடுத்தவருக்கு ஆறே மாதம்தான். சட்டம் வயதைப் பார்க்கிறது. வீட்டு விதியைப் பிள்ளை ஓட்டிய காலத்தைக் கணக்கிட்டு வைத்துக்கொள்ள யாரும் தடுக்கவில்லை. உரிமம் எடுத்து இரண்டு ஆண்டு முடியும்வரை காரில் போன் கிடையாது என்று, காப்பீட்டுத் தொகையை நீங்கள் கட்டும் காலத்திலேயே பேசி முடிவு செய்துவிடலாம்.